பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டும் துணிக்கடை

பூப்போட்ட துணி எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பேன். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் இது. பினாங்கு லெபோ பாசார் தெருவில், ஒரு மளிகைக் கடையின் முன்னால் இருக்கும் கூரைபோட்ட நடைபாதையான அஞ்சடியில் கால்மிதி இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு முப்பத்தொரு வருடம் ரவிக்கை தைத்தவர் அவர். பெண்கள் சேலையைக் கொண்டுவந்து நீட்டினால் முன்பக்கத்தை ஒரு நொடிதான் பார்ப்பார். பிறகு முந்தானையைப் புரட்டி, சாயம் பின்பக்கம்வரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெருப்பக்க வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ரவிக்கைக்கு என்ன நிறம் என்று அவர்களைக் கேட்கவே மாட்டார். பூவில் இருக்கும் நிறங்களிலேயே எது மிகக் குறைந்த இடத்தில் இருக்கிறதோ, அது மகரந்தப் புள்ளியாக இருக்கட்டும், காம்பின் நிழலாக இருக்கட்டும், அந்த நிறத்தில் துணி வாங்கிவரச் சொல்வார். அப்படித் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு அம்மா தெருவில் நடந்தால் சேலையில் இருந்த பூ முழுவதும் விழித்துக்கொண்டது போல இருக்கும்.

இப்போது கடைகளில் துணியைத் திருப்பிப் பார்க்க யார் விடுகிறார்கள்? பாலித்தீன் உறைக்குள் மடித்து, மேலே ஒரு பூ மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். மூன்று வருடங்களுக்கு முன் சுற்றுலாப் பயணிகள் வரும் ஒரு கடையில், கையால் மெழுகு வரைந்து சாயமேற்றிய பழைய பாத்தேக் என்று சொன்னதை நம்பி 350 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, இடுப்பில் சுற்றிக் கட்டும் ஒரு சரோங் வாங்கினேன். வீட்டில் உறையைப் பிரித்துத் திருப்பினால் பின்பக்கம் வெளிறிக் கிடந்தது. மெழுகு வைத்துச் சாயத்தில் முக்கிய துணிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அது பாத்தேக் மாதிரியில் இயந்திரத்தில் அச்சடித்த துணி. அச்சடித்த துணி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஒன்றை இன்னொன்று என்று சொல்லி விற்றதுதான் நெஞ்சில் தங்கிவிட்டது.

அதனால்தான் லெபோ ஆர்மேனியனுக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள இந்த மாடிக்கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. நான்கு மாதங்களில் ஐந்து முறை போய்விட்டேன். கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. கீழே ஒரு காப்பிக்கடை, அதன் ஓரத்தில் குறுகலான மரப்படி. படியின் அடியில், ஒரு கை அகலமுள்ள ரோஜாத் துணி கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கும். அதுதான் அடையாளம்.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். பூர்வீகம் கடையநல்லூர். பாட்டனார் காலத்திலிருந்து பினாங்கில் துணி வியாபாரம். மொத்த வியாபாரம் படுத்துவிட்ட பிறகு கிடங்கில் மிஞ்சிய பழைய சரக்கையும், வீடுகளிலிருந்து வாங்கிச் சேர்த்த சரோங்குகளையும் வைத்து இந்தக் கடையை நடத்துகிறார். நான் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுகிறேன், அவர் என்னை அக்கா என்கிறார். முதல் நாள் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். "எதைத் தேடுகிறீர்கள் அக்கா?" என்று கேட்கவில்லை. "உட்காருங்கள், முதலில் வெளிச்சம் வரட்டும்" என்றார். மேகம் விலகும்வரை காத்திருந்து, ஜன்னல் ஓரத்து மரப்பலகையில் ஒரு துணியை விரித்தார். விரித்ததும் நான் கேட்காமலே அதன் ஒரு மூலையை மடக்கிப் பின்பக்கத்தைக் காட்டினார். அந்த இடத்திலேயே கடை என்னை வாங்கிவிட்டது.

அன்று விரித்தது ஜாவாவின் வடகரையில் உள்ள பெக்காலோங்கானிலிருந்து வந்த சரோங். நியோன்யா பெண்கள், அதாவது இந்தப் பக்கத்தில் வேரூன்றிய சீனக் குடும்பத்துப் பெண்கள், கெபாயா என்ற மேற்சட்டைக்குக் கட்டுவது. சரோங்குக்கு உடல் உண்டு, தலை உண்டு. உடலைவிடத் தலை வேறு நிறத்தில், வேறு பூவோடு ஒரு பட்டையாக வரும். கட்டும்போது அது முன்னால் தெரிய வேண்டும். இந்தச் சரோங்கின் உடல் வெங்காயத்தோல் நிறம், தலை கத்தரிப்பூ நிறம். இரண்டிலும் ஒரே பூங்கொத்து. ஆனால் உடலில் கொத்து நிமிர்ந்து நிற்கிறது, தலையில் சற்றே சாய்ந்து ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு இடம் விட்டிருக்கிறது.

பூங்கொத்தை நடுவில் வைக்கும் இந்தப் பாணிக்கு புக்கேத்தான் என்று பெயர். டச்சுக்காரர்களின் பூச்செண்டுச் சொல் மலாயில் உருமாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெக்காலோங்கானில் ஐரோப்பிய, கலப்பினப் பெண்கள் பட்டறை நடத்தினார்கள். அவர்களில் பெயர்பெற்றவர் எலிசா வான் சுய்லன். 1863இல் பிறந்து 1947இல் இறந்தவர். தன் துணிகளில் ஓவியர் போலக் கையெழுத்திட்டவர். அந்தக் கொத்துகளில் இருக்கும் ஐரிஸ், துலிப் போன்ற பூக்கள் ஜாவாவின் கடலோர வெயிலில் மலர்பவை அல்ல. படத்தில் மட்டுமே பார்த்த பூவை ஜாவானியப் பெண்கள் மெழுகு ஊற்றும் சிறு செம்புக் கிண்ணத்தால் இதழ் இதழாக வரைந்தார்கள். அதனால்தானோ என்னவோ, அந்தப் பூக்களின் இதழ்களுக்குள் நிரப்பியிருக்கும் புள்ளிகளும் கோடுகளும் எந்தத் தோட்டத்துப் பூவிலும் இருப்பதில்லை. அவை ஜாவாவின் கைக்குச் சொந்தமானவை.

"இது அந்த அம்மையாரின் பட்டறையா?" என்று கேட்டேன். "இல்லை அக்கா. பாணி மட்டும்தான். கையெழுத்தும் இல்லை. அதுவும் அச்சு வைத்து ஒற்றியது" என்று பாய் சொல்லி, விரலை வைத்துக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் செம்பு அச்சுகள் வந்தபிறகு மெழுகை முத்திரை போல ஒற்றி எடுக்கலாம் என்றாகிவிட்டது. ஒற்றிய துணியில் அச்சு அச்சோடு சேரும் இடத்தில் கொடி ஒரு நூலிழை விலகும், அல்லது மெழுகு இரண்டு முறை விழுந்து கோடு தடிக்கும். அவர் காட்டிய இடத்தில் ஒரு மொட்டின் காம்பு அப்படித் தடித்திருந்தது. கையால் வரைந்ததில் அடுத்தடுத்த இரண்டு இலைகள் ஒன்றுபோல இருக்காது. எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் விலையை மூன்று மடங்கு ஆக்கியிருக்கலாம். 180 வெள்ளி சொன்னார்.

கையால் வரைந்தது ஒன்றும் வைத்திருக்கிறார். 1,400 வெள்ளி. என்னால் முடியாது என்று சொன்ன பிறகும் விரித்துக் காட்டினார். ஒரே துணியில் குறுக்காக இரண்டு வடிவங்கள் சந்திக்கும் பாகி சோரே, அதாவது காலை மாலை. காலையில் ஒரு பாதி வெளியே தெரியக் கட்டலாம், மாலையில் மறு பாதியைத் திருப்பிக் கட்டலாம். ஜப்பானியர் ஜாவாவை ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் நல்ல பருத்தி கிடைப்பது அரிதாகிவிட்டது. வேலை செய்யக் கைகள் இருந்தன, துணி இல்லை. ஆகவே கிடைத்த துணியில் ஓர் அங்குலம்கூடச் சும்மா விடாமல் பூவும் வண்ணத்துப்பூச்சியும் பின்னணியும் நிரப்பினார்கள். ஜாவா ஹொகொகாய் என்று அந்தப் பாணிக்குப் பெயர். இந்தத் துணியில் ஒரு பாதி மாந்தளிர் நிறத்தில் செவ்வந்திகள், மறுபாதி மயில்கழுத்து நிறத்தில் சிறு வெள்ளைப் பூக்கள். இரண்டும் சந்திக்கும் குறுக்குக் கோட்டில் ஒரு செவ்வந்தி பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் இருக்கிறது. கோட்டைத் தாண்டியதும் அதன் நிறம் மாறுகிறது. பஞ்ச காலத்தில் யாரோ ஒரு பெண் அதற்கு எத்தனை நாள் உட்கார்ந்தாளோ. நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் கீழே போய்த் தேநீர் வாங்கிவந்தார்.

பினாங்கில் பழைய சரோங்குகளைப் பார்க்க வேறு இடம் இல்லாமல் இல்லை. லெபோ கெரேஜாவில் உள்ள பெரானாக்கான் மாளிகை என்ற அருங்காட்சியகத்தில் நியோன்யா ஆடைகளை அழகாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அருங்காட்சியகத்தில் துணி ஓர் ஓவியம் போல ஒரு முகத்தை மட்டும் காட்டி நிற்கும். பழைய பருத்தியின் நெகிழ்வையும், பலமுறை துவைத்ததில் வந்த மென்மையையும் கண்ணால் மட்டும் அறிய முடியாது. நியோன்யா வீடுகளில் துக்கம் காக்கும் காலத்துக்கென்றே நீலமும் வெள்ளையுமான சரோங்குகள் இருந்தன. அப்படி ஒன்றை இந்தக் கடையில் கையில் எடுத்தபோது, மற்றச் சரோங்குகளைவிட அது விறைப்பாக இருந்தது. அதிகம் கட்டாத துணி. அந்த வீட்டுக்கு நல்ல காலம் நிறைய இருந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

விற்பனைக்கு இல்லாத ஒன்றும் இங்கே இருக்கிறது. பாயின் பாட்டனார் வைத்திருந்த துணித்துண்டு, இரண்டு கைக்குட்டை அளவு. நம் சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய வகையைச் சேர்ந்தது. ஒரு வளைந்த கொடி, மூன்று பூக்கள். இலைகள் மட்டும் நீலம். நீல இலையை ஏன் வரைந்தார்கள் என்று என்னோடு வந்த அண்ணன் மகள் கேட்டாள். வரைந்தபோது அது பச்சை. அவுரி நீலத்தின் மேல் மஞ்சளைத் தடவித்தான் அந்தக் காலத்தில் பச்சை எடுத்தார்கள். மஞ்சள் வெயிலுக்கும் தண்ணீருக்கும் நிற்காது, அவுரி நிற்கும். நூறு வருடத்தில் மஞ்சள் போய்விட, இலை நீலமாக மிஞ்சிவிடுகிறது. சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது. படிகாரத்தால் எழுதி, சாயவேர்க் கொப்பரையில் காய்ச்சி எடுத்த சிவப்பு. கறுப்புக் கோடு இருந்த இடங்களில் மெல்லிய ஓட்டைகள். இரும்புத்துருவையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கறுப்பு, காலப்போக்கில் தான் தொட்ட நூலையே தின்றுவிடும். பூவைச் சுற்றியிருந்த கோடு போய், பூ மட்டும் நிற்கிறது.

இந்தப் பூக்களுக்கு ஐரோப்பா எப்படி ஏங்கியது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. கம்பளி, பட்டு நெசவாளர்களின் பிழைப்புக் கெடுகிறது என்று பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இந்த வகைத் துணியைத் தடை செய்தது. இங்கிலாந்து 1721இல் அச்சிட்ட பருத்தியை உடுத்துவதையே குற்றமாக்கியது. 1774இல்தான் அந்தத் தடை முழுவதும் நீங்கியது. ஒரு கொடியையும் மூன்று பூவையும் தடுக்க இரண்டு அரசுகள் சட்டம் போட வேண்டியிருந்தது! நம் ஊர்த் துணியின் செல்வாக்கு கிழக்கேயும் வந்தது. சரோங்கின் தலையில் வரிசையாக வரும் கூர்முக்கோணங்களைப் பார்த்திருப்பீர்கள். தும்பால் என்பார்கள். இந்தத் தீவுகளுக்கென்று சோழமண்டலக் கரையில் செய்து அனுப்பிய துணிகளின் ஓரங்களிலும் அதே முக்கோணங்கள் இருக்கின்றன. லெபோ சூலியாவில் கடைவைத்த நம் வணிகர்கள் விற்றவற்றில் துணிக்கு எப்போதும் பெரிய இடம் உண்டு. அந்தத் தெருவுக்கு ஐந்து நிமிட நடையில் இந்தத் துண்டு சுவரில் தொங்குகிறது.

மலேசியாவின் கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தான், திரெங்கானுவின் பாத்தேக்குகள் ஒரு அலமாரி நிறைய உண்டு. 1970களின் செம்பருத்திகள், பெரிய பெரிய இலைகள். செம்பருத்தி 1960இல் மலாயாவின் தேசிய மலரானது. இந்தத் துணிகளில் அது உள்ளங்கையைவிடப் பெரிதாக, துணிச்சலாக இருக்கிறது. விலை 60 முதல் 90 வெள்ளிவரை. நல்லவைதான். எனக்கு அந்த அலமாரியில் மனம் அதிகம் நிற்கவில்லை.

மனம் நின்றது அதற்கு அடுத்த அலமாரியில். இயந்திரத்தில் அச்சடித்த சேலைகள். பட்டு, கைத்தறி பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அது ஆறாத வருத்தம். மெல்லிய பருத்தியான வாயில் சேலை, ஜார்ஜெட், ஜப்பானிலிருந்து வந்த நைலக்ஸ் என்ற செயற்கை இழைச் சேலை. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்த நம் பெண்கள் வாழ்நாளில் அதிகமாகக் கட்டியது இவற்றைத்தான். 1976இல் அம்மா சிதம்பரம் என்ற கப்பலில் சென்னைக்குப் போனபோது, பெட்டியில் பாதி இடத்தை நைலக்ஸ் சேலைகள்தான் பிடித்துக்கொண்டன. ஊரில் அத்தைகளுக்கும் சித்திகளுக்கும் அவை தங்கத்துக்கு அடுத்தபடி. கசங்காது, துவைத்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், சாயம் போகாது.

அந்தச் சேலைகளின் பூக்களை அருகில் பாருங்கள். உருளையில் செதுக்கி அச்சடித்த துணியில் பூவின் கோடு தலைமுடி போல மெல்லியதாக இருக்கும். சல்லடைத் திரை வைத்து அச்சடித்ததில் நிறம் தட்டையாக, திடமாக விழும். நிறத்துக்கு ஒரு திரை. ஆறு நிறம் என்றால் ஆறு திரை ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். ஒரு திரை கொஞ்சம் விலகினால் இலையின் பச்சை அதன் கோட்டைத் தாண்டி வழியும், பூவின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழும். தரம் பார்ப்பவர்கள் அதைக் குறை என்பார்கள். எனக்கு அந்தக் கீற்று பிடிக்கும். வெயில் அந்தப் பக்கமிருந்து அடிப்பது போலப் பூவுக்கு ஓர் ஒளி வந்துவிடுகிறது. வட்டத் திரை இயந்திரங்கள் 1963இல் வந்தன. அவற்றில் அச்சடித்த துணியில் பெரும்பாலும் ஒவ்வொரு 64 சென்டிமீட்டருக்கும் அதே பூ திரும்ப வரும். அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தால் துணியின் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். பாயின் மேசையில் அதற்கென்றே ஒரு நாடா கிடக்கிறது.

நிறங்களைச் சொல்லும்போது பாய் பழைய தமிழ்ப் பெயர்களையே சொல்கிறார். அது எனக்கு விருந்து. ராமர் பச்சை, கிளிப்பச்சை, வாடாமல்லி, அரக்கு, பாக்கு நிறம், ஆனந்தா நீலம், மாம்பழ மஞ்சள். அப்பாவின் கடையில் ஒரு நாளில் நூறு முறை ஒலித்த சொற்கள். இப்போது கடைகளில் பச்சை என்றால் அடர்த்தியா, வெளிர்ச்சியா என்ற ஒரே கேள்விதான். வாடாமல்லி என்ற சொல்லைக் கேட்டவுடன் அது ஊதாவா, சிவப்பா என்று நாம் குழம்புவதில்லை. பூவே கண்முன் வந்து நின்றுவிடுகிறது. என் அண்ணன் மகளுக்குப் பதினாறு வயது. மாந்தளிர் நிறம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. பாய் அந்தக் காலை மாலைத் துணியை மறுபடியும் விரித்து, "இதோ, மாமரம் துளிர்க்கும்போது இருக்கும் செம்பழுப்பு" என்று காட்டினார்.

குறைகளும் உண்டு. எதிலும் விலைச்சீட்டு இல்லை. ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும், கூச்சப்படுகிறவர்கள் கேட்காமலே இறங்கிவிடுவார்கள். ரொக்கம் மட்டும்தான். படி செங்குத்தானது, முட்டிவலி உள்ளவர்கள் ஏற முடியாது. பூச்சி உருண்டை வாடை தூக்கலாக இருக்கிறது. நான் வாங்கிய சேலையை மூன்று நாள் நிழலில் காற்றாட விட்ட பிறகுதான் அது குறைந்தது. எல்லாவற்றையும்விட, ஒரு நல்ல வாயில் சேலையை ஜன்னல் சட்டத்தில் திரை போலத் தொங்கவிட்டிருந்தார். அதன் மடிப்பின் உள்பக்கம் ரோஸ் நிறம், வெயில் பட்ட பக்கம் சாம்பல். துணியை இவ்வளவு அறிந்தவர் இதைச் செய்யலாமா? சொன்னேன். அடுத்த முறை போனபோது ஜன்னலில் சாதாரண வெள்ளைத் திரை இருந்தது.

வாங்குபவர்களுக்கு எப்படித் துவைப்பது என்றும் சொல்லி அனுப்புகிறார். பாத்தேக்குக்குச் சோப்புத்தூள் கூடாது. ஜாவாவில் லெராக் என்ற காயைத் தண்ணீரில் கசக்கி அந்த நுரையில் அலசுவார்கள். நம் பூந்திக்கொட்டையின் இனம்தான் அது. முறுக்கிப் பிழியாமல், நிழலில், பின்பக்கம் வெளியே இருக்கும்படி உலர்த்த வேண்டும்.

ஐந்து முறையில் நான் வாங்கியவை இரண்டுதான். அந்த 180 வெள்ளிப் பெக்காலோங்கான் சரோங் ஒன்று, 65 வெள்ளிக்கு ஒரு ஜப்பான் நைலக்ஸ் சேலை ஒன்று. சேலை எலுமிச்சை மஞ்சளில் பெரிய பெரிய நீல டேலியாக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் அரக்கு நிறத்தில் கடுகளவு புள்ளிகள். கடை சனி, ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறக்கிறது, பகல் ஒரு மணிக்கு மூடிவிடுகிறார். ஒன்பதரைக்கே போய்க் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பது நல்லது. மழைநாளில் போக வேண்டாம்.

சேலையை எடுத்துக்கொண்டு நேராக லெபோ பாசாருக்கு நடந்தேன். ரவிக்கைத் துணிக் கடையில் இருந்த பையன் சேலையைப் பார்த்துவிட்டு நீலத்தில் நான்கு சுருள்களை எடுத்துப் போட்டான். "தம்பி, பூவின் நடுவில் இருக்கும் புள்ளியைப் பாருங்கள், அந்த அரக்கில் வேண்டும்" என்றேன். சேலையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு அதைத் திருப்பி, பின்பக்கத்திலும் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தான்.